ஓர்க்கின் பெயருக்குக் கீழே ஒரு வரி

1977-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகம் வெளிவந்தது. அதன் பெயர் ‘மான்ஸ்டர் மேனுவல்’. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கான அரக்கர் அகராதி. நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவதுதான் அந்த விளையாட்டு. கதையை நடத்துகிறவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். குகைக்குள் யார் காத்திருக்கிறார்கள் என்பதை முடிவு செய்கிறவர் அவர்தான். அவர் கைக்கு வசதியாக ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒரே அச்சில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள்: எத்தனை பேராக வரும், கவசம் எவ்வளவு, எவ்வளவு வேகமாக நகரும், புத்தி எப்படி, புதையல் என்ன. நடுவில் ‘அலைன்மென்ட்’ (அறச்சார்பு) என்று ஒரு வரி. ஓர்க் என்ற அரக்கனின் பட்டியலில் அந்த வரி சொன்னது: ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட தீயவன்.

2025-இல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருக்கின்றன. அலைன்மென்ட் வரியும் இருக்கிறது. ஓர்க் இல்லை. இடைப்பட்ட 48 ஆண்டுகளில் அந்த வரிக்கு நடந்ததைத்தான் எழுத வந்தேன். ஆனால் அதன் கதை 1977-க்குச் சில ஆண்டுகள் முன்பே, ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்குகிறது.

இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தன் வீட்டு நிலவறையில் மணல் பரப்பிய பெரிய மேஜை ஒன்றை வைத்திருந்தார். மணலைக் குவித்து மலை, பள்ளம் பறித்து ஆறு, அதன்மேல் சின்னச் சின்ன வீரர் பொம்மைகள். நண்பர்கள் வார இறுதியில் கூடி இடைக்காலப் போர்களை நடத்துவார்கள். ஜெஃப் பெரனோடு சேர்ந்து அந்தப் போர்களுக்கு அவர் எழுதிய விதிநூல் ‘செயின்மெயில்’. 1971-இல் வந்தது. அதன் பின்பகுதியில் மந்திரவாதி, டிராகன், பூதம் எல்லாம் கலந்துகொள்ளும் ஒரு பின்னிணைப்பு. படை திரட்டும்போது எந்தச் சேனையில் யார் யாரைச் சேர்க்கலாம் என்ற கேள்வி வருமல்லவா? அதற்கு மூன்று பத்திகள் போட்டார்கள்: ஒழுங்கின் பக்கம், குலைவின் பக்கம், நடுநிலை. குள்ளர்களும் ஹாபிட்களும் முதல் பத்தியில். ஓர்க்குகள் குலைவின் பத்தியில். மந்திரவாதி இரண்டு பக்கத்திலும் இருந்தார்.

அந்தப் பத்தி ஓர்க்கின் உள்ளத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எந்தக் கொடியின் கீழ் நிற்பான் என்று மட்டும்தான் சொன்னது. ஒழுங்குக்கும் குலைவுக்கும் இடையே பிரபஞ்சம் அளவுக்கு ஒரு போர் என்ற எண்ணமே போல் ஆண்டர்சனின் ‘திரீ ஹார்ட்ஸ் அண்ட் திரீ லயன்ஸ்’ நாவலிலிருந்தும் மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளிலிருந்தும் வந்தது. அங்கேயும் இவை அணிகள்தான். அதே செயின்மெயிலில் இன்னொரு விதியும் உண்டு. ஓர்க்குகளில் ஐந்து கூட்டங்கள். வேறு வேறு கூட்டத்தார் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பகடை கைகொடுக்காவிட்டால், எதிரியை விட்டுவிட்டு ஒருவர்மேல் ஒருவர் பாய்வார்கள். ஒரே பத்தியில் இருப்பவர்களுக்குள்ளும் பகை உண்டு என்று அந்தச் சின்னப் போர்விதிக்குத் தெரிந்திருந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓர்க் கைகாக்ஸுக்கு வந்தது நாவலாசிரியர் டோல்கீனிடமிருந்து. அவருடைய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955 ஆண்டுகளில் வெளியானது. அதில் ஓர்க்குகள் இருளரசனின் காலாட்படை. வெட்டி வீழ்த்தப்படுவதற்கென்றே வருகிறவர்கள் என்றுதான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டாம் பாகத்தில் ஓர் இடம் வரும். ஷாக்ரட், கோர்பாக் என்ற இரண்டு ஓர்க் தலைவர்கள், தங்கள் பேச்சை ஒருவன் ஒளிந்து கேட்கிறான் என்று தெரியாமல், மேலதிகாரிகளைப் பற்றிப் புலம்புகிறார்கள். இந்தப் போர் முடிந்ததும் நம்பிக்கையான நாலு பேரோடு நழுவிப் போய் எங்காவது சொந்தமாகப் பிழைத்துக்கொள்ளலாமா என்று பேசுகிறார்கள். கொள்ளையடித்துப் பிழைக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் மேலிடத்தைக் கண்டு பயமும், அலுப்பும், போர் முடிந்தபின் ஒரு வாழ்க்கையும் அவர்களுக்கு உண்டு என்று அந்தப் பக்கத்தில் தெரிந்துவிடுகிறது.

டோல்கீன் ஆழ்ந்த கத்தோலிக்கர். திருந்தவே முடியாத ஓர் இனத்தைப் படைக்கலாமா என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. ஓர்க்குகள் எப்படித் தோன்றினார்கள் என்று மாற்றி மாற்றி எழுதினார். சரணடைந்து உயிர்ப்பிச்சை கேட்கும் ஓர்க்குக்கு, இழப்பு நேர்ந்தாலும், இரக்கம் காட்டியே ஆகவேண்டும், பிடிபட்டவனைத் தகவலுக்காகக்கூட வதைக்கக் கூடாது என்று ஒரு குறிப்பில் எழுதி வைத்தார். அவர் இறந்தது 1973-இல். அந்தக் குறிப்பை அவர் மகன் கிறிஸ்டபர் அச்சில் கொண்டுவந்தது 1993-இல். அதற்குள் விளையாட்டு வெகுதூரம் போய்விட்டிருந்தது.

1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்டார்கள். முதல் அச்சு ஆயிரம் பிரதிகள். அதிலும் அதே மூன்று பத்திகள். ஆனால் ஓர்க் இரண்டு பத்திகளில் இருந்தது: குலைவிலும் நடுநிலையிலும். ஒரு கூட்டம் இருளுக்குக் கூலிப்படையாகப் போகலாம், இன்னொரு கூட்டம் யாருக்கும் ஆள் ஆகாமல் மலையில் இருக்கலாம். இந்த வரியின் வாழ்க்கையிலேயே ஓர்க்குக்கு அதிக இடம் கொடுத்த காலம் அதுதான் என்பேன்.

இரண்டே ஆண்டில் அது போயிற்று. 1976 பிப்ரவரியில் ‘தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ’ இதழில் கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒழுங்கும் நன்மையும் ஒன்றல்ல, ஒழுங்கான தீயவரும் உண்டு, கட்டுக்கடங்காத நல்லவரும் உண்டு என்று விளக்கி, இரண்டு கோடுகள் குறுக்காக வெட்டும் ஒரு வரைபடமும் போட்டார். சிந்தனை என்ற அளவில் முன்னேற்றம்தான். 1978-இல் அது ஒன்பது கட்டங்களாக நிலைபெற்றது. ஆனால் நன்மை, தீமை என்ற சொற்கள் உள்ளே வந்ததும் அந்த வரியின் வேலையே மாறிவிட்டது. எந்தப் படையில் நிற்கிறாய் என்று கேட்ட இடம், நீ எப்படிப்பட்ட பிறவி என்று கேட்கத் தொடங்கியது. 1977-இல் அந்தச் சொற்கள் மான்ஸ்டர் மேனுவலில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஏறின.

அதே சமயத்தில் ஓர்க்குக்கு முகமும் கிடைத்தது. டேவிட் சதர்லேண்ட் வரைந்த படத்தில் அதற்குப் பன்றி மூஞ்சி. ஜப்பானிய கேம்களிலும் அனிமேகளிலும் இன்றுவரை ஓர்க் பன்றித் தலையோடு வருவதற்கு அந்தக் காலத்துப் படங்களைத்தான் காரணம் சொல்கிறார்கள். டோல்கீன் உரிமைகளை வைத்திருந்தவர்கள் வழக்கு என்று மிரட்டியதில் ஹாபிட், என்ட், பால்ராக் என்ற பெயர்களை விளையாட்டு கைவிட வேண்டி வந்தது. ஓர்க் பழைய ஆங்கிலக் காவியத்தில் வேர் உள்ள பெயர் என்பதால் தப்பியது.

அந்த 1977 பட்டியலைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஓர்க்குகள் 30 முதல் 300 பேராக வருவார்கள். அவர்கள் இருப்பிடத்திலேயே கண்டால், ஆண்களின் எண்ணிக்கையில் பாதி பெண்கள், ஆண்களுக்குச் சமமான எண்ணிக்கையில் குஞ்சு குழந்தைகள். கணக்குப் போட்டால், 30 வீரர்கள் உள்ள மிகச் சின்னக் குகையில்கூட 15 பெண்கள், 30 குழந்தைகள். குகையில் இருக்கும் 75 பேரில் 45 பேர் போர்வீரர் அல்லர். இயற்கை வரலாறு எழுதுகிறவரின் சிரத்தையோடு கைகாக்ஸ் இதைச் சேர்த்திருந்தார். ஆனால் அலைன்மென்ட் வரி ஓர்க் என்ற மொத்தத்துக்கும் ஒன்றுதான். தொட்டிலில் இருப்பதற்கும் அதுவே.

இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதிய இடம் ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’. கைகாக்ஸே எழுதிய சாகசத் தொகுப்பு. ஆரம்பப் பெட்டியோடு சேர்த்தே விற்றதால் ஒரு தலைமுறை இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டது இதில்தான். எல்லைப்புறத்தில் ஒரு கோட்டை, சற்றுத் தள்ளி ஒரு பள்ளத்தாக்கு, அதன் இரு சரிவிலும் குகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டம்.

முதல் ஓர்க் குகையின் வாசலைத் தாண்டியதும் ஒரு சுவர். அதில் சின்னச் சின்ன மாடங்கள். மாடத்துக்கு ஒன்றாக மனிதர், குள்ளர் என்று வெட்டிய தலைகள், அழுகலின் ஒவ்வொரு கட்டத்திலும். அதில் ஒரு தலை மட்டும் உயிரோடு இருக்கிறது. சுவருக்குப் பின்னால் நின்று, மாடம்போலவே இருக்கும் துவாரத்தில் முகத்தைப் பொருத்திக் காவல் பார்க்கும் ஓர்க் அது. இந்த விளையாட்டுக்காக எழுதப்பட்ட காட்சிகளில் இத்தனை நறுக்கென்று ஒரு சமூகத்தைக் காட்டுவது அதிகம் இல்லை. கொடூரமும் தந்திரமும் உள்ளவர்கள், ஓயாமல் காவல் காப்பவர்கள் என்று மூன்றும் ஒரே சுவரில் தெரிகின்றன.

இன்னும் உள்ளே போனால் தலைவன் அறை. அவன் நெருக்கடியில் மாட்டினால் திரைச்சீலைக்குப் பின்னால் நுழைந்து இரகசியக் கதவைத் திறக்கப் பார்ப்பான். ஒவ்வொரு சுற்றிலும் ஆறில் ஒரு வாய்ப்பு. கதவுக்கு அப்பால் இருப்பது அவனுடைய போட்டிக் கூட்டத்தின் குகை. அவர்களிடம் உதவி கேட்கத்தான் அந்த ஓட்டம். முன்னுரையில் டன்ஜன் மாஸ்டருக்கு கைகாக்ஸ் இன்னொரு குறிப்பும் தருகிறார்: இந்தக் கூட்டங்களுக்குள் ஓயாத சண்டை உண்டு, கோப்ளின்களும் ஹாப்கோப்ளின்களும் ஒரு பக்கம், ஓர்க்குகள் மறுபக்கம், கோபோல்டுகளோ தங்களை எல்லாரும் மறந்துவிட்டால் போதும் என்று ஒதுங்கியிருப்பவர்கள், புத்தியுள்ள ஆட்டக்காரர்கள் இந்தப் பகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். செயின்மெயிலின் பழைய விதி இங்கே முழு அரசியலாக வளர்ந்திருக்கிறது.

ஆனால் அதே கோபோல்டுகளின் பொது அறையில் குழந்தைகளும் உண்டு. அவை சண்டைக்கு வராது என்றும் எழுதியிருக்கிறது. வீரர்களை வெட்டிச் சாய்த்துவிட்டு உள்ளே போன ஆட்டக்காரர்கள் அந்த அறையில் நின்றார்கள். இப்போது என்ன செய்வது? தொகுப்பில் அதற்கு ஒரு வரி பதில்கூட இல்லை. ஆயிரக்கணக்கான மேஜைகளில், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பையன்கள், அந்தக் கேள்வியைத் தனியாக எதிர்கொண்டார்கள். சிலர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். சிலர் புத்தகத்தில் இருந்த வரியைப் படித்துக்காட்டி, தீயவை என்று எழுதியிருக்கிறதே என்று வாளை எடுத்தார்கள்.

கைகாக்ஸிடமே இதை ஒருமுறை கேட்டார்கள். 2005-இல், அறநெறி தவறாத வீரன் கைதிகளைக் கொல்லலாமா என்ற கேள்விக்கு, கொல்லலாம் என்ற பக்கமே சாய்ந்து பேசிய அவர், கர்னல் ஜான் சிவிங்டன் பெயரால் வழங்கும் ஒரு வாசகத்தைத் துணைக்கு எடுத்தார். ஈரை விட்டால் பேன் ஆகும் என்ற பொருள்பட அமைந்தது அது. சிவிங்டன் யார் என்று தெரிந்தால் நெஞ்சு பதறும். 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக்கில், சமாதானம் நாடித் தங்கியிருந்த ஷயான், அரபஹோ மக்களின் முகாம்மேல் படையை ஏவியவர் அவர். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். விளையாட்டுக்கென்று எழுதிய ஒரு வரிக்கு நியாயம் தேடப் போனவர் கைக்கு அந்தப் படுகொலையின் சொல்தான் அகப்பட்டது. கைகாக்ஸின் கற்பனையை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தப் பதிலை மதிக்க முடியவில்லை.

அந்த வரி அவ்வளவு கொடியதாக ஆனதற்கு வரி மட்டுமே காரணம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பழைய விதிகளில் அதற்கு எதிர்விசை இருந்தது. 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த ஆரம்பப் பெட்டியை எடுங்கள். அரக்கரைச் சந்தித்ததும் டன்ஜன் மாஸ்டர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுவார். 2 வந்தால் உடனே பாயும். 3 முதல் 5 என்றால் பகைமை. 6 முதல் 8 என்றால் தயக்கம். 9 முதல் 11 என்றால் விலகிப் போகும், அல்லது பேரம் கேட்கும். 12 வந்தால் தோழமை. 36 சாத்தியங்களில் 26-இல் ஓர்க் முதல் பார்வையில் பகைவன் இல்லை. மனவுறுதிக்கும் ஓர் எண் உண்டு: ஓர்க்குக்கு 8, தலைவன் செத்தால் 6. பகடையில் அதைத் தாண்டி விழுந்தால் அது ஓடும், அல்லது சரணடையும். ஓர் ஓர்க்கைக் கொன்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி பத்து. புதையலிலோ ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. பேசிச் சமாளித்துப் பொன்னோடு வெளியே வருவதுதான் லாபம். அலைன்மென்ட் வரி அப்போதும் குலைவு என்றே சொன்னது. மற்ற எண்கள் எல்லாம் சேர்ந்து அதை அடக்கி வைத்திருந்தன.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு பொன்னுக்குப் புள்ளி என்பதை விருப்ப விதியாக்கியது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் எதிரியை வெல்வதே புள்ளி. முதல் பார்வைப் பகடை ஓரத்துக்குப் போனது, மனவுறுதி எண் மறைந்தது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் விலகியபின், ஓர்க் யார் என்று சொல்ல அந்த ஒரு வரி மட்டும் எஞ்சியது. அலைன்மென்ட்டைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக நடந்த விவாதங்களில் இதை அதிகம் பேர் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். வரியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்.

வரியைத் திருத்தும் முயற்சிகளும் நடந்துகொண்டே இருந்தன. 1982-இல் ‘டிராகன்’ இதழில் ரோஜர் மூர் ஓர்க்குகளின் கடவுளுக்கு ஒரு தொன்மம் எழுதினார். தேவர்கள் சீட்டுக் குலுக்கி உலகத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்; காடு ஒருவருக்கு, மலை ஒருவருக்கு. ஒற்றைக்கண் க்ரூம்ஷுக்கு மட்டும் ஓர் இடமும் மிச்சமில்லை. அவன் ஈட்டியால் மலைகளைப் பிளந்து, என் மக்கள் இங்கே இருப்பார்கள் என்கிறான். சூழ்ச்சியாகப் பங்கு மறுக்கப்பட்டவனின் கோபம் அது. ஓர்க் ஏன் எல்லையில் வந்து நிற்கிறது என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஒன்பது கட்டங்களில் எதிலும் அது அடங்காது.

2003-இன் திருத்திய மூன்றாம் பதிப்பு எண்களால் சமாளிக்கப் பார்த்தது. ‘எப்போதும்’, ‘வழக்கமாக’, ‘பல சமயம்’ என்று மூன்று அடைமொழிகள். ஓர்க்குக்குக் கிடைத்தது ‘பல சமயம்’. நூற்றுக்கு 40 முதல் 50 பேர் அப்படி இருப்பார்கள் என்று விளக்கம். ஒழுங்குள்ள தீயவனாக இருந்த ஓர்க் இந்தப் பதிப்புகளில் ஒழுங்கற்ற தீயவனாக மாறியதையும் கவனிக்கலாம். நூற்றுக்கு இத்தனை பேர் என்று சொன்னதும் எதிரே நிற்கிற இந்த ஓர்க் எப்படி என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. 2002-இல் வந்த ‘வார்கிராஃப்ட் 3’ கேம், நாடிழந்த ஒரு மக்களின் தலைவனாக த்ரால் என்ற ஓர்க்கைக் காட்டி, லட்சக்கணக்கானவர்களை ஓர்க்கின் பக்கம் நிற்கவைத்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 2004-இல் கீத் பேக்கர் உருவாக்கிய எபரான் உலகில், உலகத்தைக் காக்கும் பழமையான வாயில்காப்போர் மரபைத் தாங்கி வருகிறவர்களே ஓர்க்குகள்தான்.

2016-இல் பழைய புண் மறுபடி கிளறப்பட்டது. ‘வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்’ என்ற புத்தகம் ஓர்க்கை ஆட்டக்காரர்கள் எடுத்து ஆடலாம் என்றது. கூடவே புத்தியில் இரண்டு புள்ளி குறைத்தது. தன் இனத்தை விட்டு வேறிடத்தில் வளர்ந்தால் அன்பு, பரிவு எல்லாம் ஓரளவுக்கு வரக்கூடும் என்றும் எழுதியது. இதைப் படித்த பலருக்கு இது எங்கிருந்து வந்த குரல் என்று தெரிந்தது. 2019-இல் ஜேம்ஸ் மெண்டஸ் ஹோட்ஸ் எழுதிய கட்டுரைகள், டோல்கீனின் ஓர்க்கையும் பிரிட்டிஷ் இந்தியாவின் ‘போர்க்குல’க் கொள்கையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தன. பிறப்பை வைத்து மக்களை வீரர், அல்லாதார் என்று பிரித்த அந்தக் கொள்கையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி. தென்னாட்டுச் சிப்பாய்களைத் தேறாதவர்கள் என்று தள்ளி வைத்த தீர்ப்பில் அவருக்குப் பெரும்பங்கு. பிறவிக்கு இத்தனை புள்ளி என்று எண் போடும் வேலையை நம் முன்னோர்மேலும் ஒரு காலத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு எதிராக அமெரிக்கத் தெருக்கள் கொதித்துக்கொண்டிருந்தபோது, விளையாட்டை இப்போது வைத்திருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஓர்க், ட்ரோ என்ற இருண்ட எல்ஃப் போன்ற மக்களையும் மற்றவர்களைப் போலவே அறத்திலும் பண்பாட்டிலும் பல நிறம் கொண்டவர்களாகக் காட்டப்போவதாக அறிவித்தது. பிறகு வந்த புத்தகங்களில் அந்த வரிக்கு முன்னால் ‘பொதுவாக’ என்று ஒரு சொல் சேர்ந்தது. 2023-இல் போட்டி விளையாட்டான பாத்ஃபைண்டர் அலைன்மென்ட்டையே தூக்கிவிட்டது. 2024-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆட்டக்காரர் கையேட்டில் ஓர்க், மனிதரோடும் எல்ஃபுகளோடும் சமமாக ஓர் இனம். புத்திக் குறைவு எல்லாம் போயிற்று. அடுத்த ஆண்டு மான்ஸ்டர் மேனுவலிலிருந்து அது வெளியேறியது. கொள்ளைக்காரனோ காவலனோ வேண்டுமென்றால் பொதுவான பட்டியலை எடுத்து, ஓர்க் என்று பெயர் சூட்டிக்கொள்ளலாம்.

இது நியாயமான முடிவு. மனிதனுக்கு அரக்கர் அகராதியில் இனப் பெயரோடு பக்கம் இல்லை, ஓர்க்குக்கும் தேவையில்லை. ஆனால் நீக்குவது வேலையில் பாதிதான். அந்த வரி செய்துகொண்டிருந்த ஒரு காரியம் இப்போது ஆள் இல்லாமல் கிடக்கிறது. சனிக்கிழமை மாலை நாலு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்காரும் டன்ஜன் மாஸ்டருக்கு, குகையில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு நொடியில் அது சொன்னது; தப்பாகச் சொன்னாலும் சொன்னது. கொள்ளைக்காரன் என்று பெயர் மாற்றி அதே அறையில் நிறுத்தி, வந்தவர்மேல் பாயவிட்டால், கொல்வதற்கு வசதியான ஆள் மறுபடி கிடைத்துவிட்டான். முகம்தான் வேறு.

எனவே சாகசம் எழுதுகிறவர்கள் மறுபடி அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே பயன்படாமல் போன பொருள் நிறைய இருக்கிறது. தலைகள் வைத்த சுவருக்குப் பின்னால் நிற்கும் அந்தக் காவலாளி எவ்வளவு நேரமாக நிற்கிறான், அவனை மாற்ற யாராவது வருவார்களா? தலைவன் ஓடிப்போய் உதவி கேட்கும் போட்டிக் கூட்டம் அதற்கு என்ன விலை கேட்கும்? கோபோல்டுகளை மற்றவர்கள் மறந்துவிடாமல் இருப்பது எதனால்? பள்ளத்தாக்கில் முதலில் இருந்தது யார், கோட்டை எப்போது வந்தது? இந்த நாலு கேள்விக்கும் தலா இரண்டு வாக்கியம் எழுதிவிட்டால் டன்ஜன் மாஸ்டருக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும்: யார் எதற்காகச் சண்டை போடுவார்கள், எப்போது நிறுத்துவார்கள், எதைக் கொடுத்தால் வழிவிடுவார்கள். கூடவே 1981-இன் அந்த இரண்டு பகடைகளையும் மனவுறுதி எண்ணையும் திரும்பக் கொண்டுவரலாம். குழந்தைகள் இருக்கும் அறையையும் எடுத்துவிட வேண்டாம். அதன் வாசலில் ஒரு பெரியவரை நிறுத்தி, அவருக்குப் பேச வாய் கொடுத்தால் போதும்.